வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு ஆள்

2010 ஆவணியில் செட்டிகுளம் மெனிக்பாம் முகாமிலிருந்து எங்களை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார்கள். பரந்தன் - முல்லைத்தீவு வீதியிலிருந்து உள்ளே போகும் ஒழுங்கையில் எங்கள் வளவு. கிணறு மட்டும்தான் மிச்சம். வீடு இல்லை. தென்னைகளில் பாதிக்குத் தலை இல்லை. வேலி எந்த இடத்தில் இருந்தது என்றே தெரியவில்லை.

கூரைத் தகரமும் தறப்பாளும் தந்தார்கள். இரவு படுக்க அது போதும். ஆனால் குளிப்பது எப்படி? கிணற்றடியில் நின்றால் ஒழுங்கையில் போகிற எல்லோருக்கும் தெரியும். போகிறவர்களில் பலரை எனக்குத் தெரியாது. மகளுக்கு அப்போது 12 வயது. விடியற்காலை 4 மணிக்கு எழும்பி, நான் சேலையை விரித்துப் பிடிக்க அவள் குளிப்பாள். பிறகு அவள் பிடிக்க நான் குளிப்பேன். வீட்டுத் திட்டம் எப்போது வரும் என்று மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருந்தபோது, என் மண்டைக்குள் ஓடியது வேலி மட்டும்தான்.

அதற்கு முன்னர் நான் தனியாக வேலி அடைத்ததில்லை. அவர்தான் அடைப்பார், நான் மறுபக்கம் நின்று கயிறு எடுத்துக் கொடுப்பேன். கடைசியாக 2008 இல் இரண்டு பேருமாக அடைத்தோம். 2009 மே மாதத்துக்குப் பிறகு அவரைப் பற்றி எந்தத் தகவலும் இல்லை.

இப்போது என்னிடம் பலர் வந்து கேட்கிறார்கள். ஆள் பிடித்து அடைப்பிக்கக் காசில்லாதவர்கள், ஆண் துணை இல்லாத வீட்டுக்காரர்கள், முகாமில் பிறந்து வளர்ந்து வேலி அடைப்பதைக் காணாத பிள்ளைகள். அவர்களுக்காக, செய்த பிழைகளையும் சேர்த்து எழுதி வைக்கிறேன்.

முதலில் எல்லை

கத்தியை எடுக்க முன்னர் காணிப் பத்திரத்தை எடுங்கள். வன்னியில் எங்களில் பலருடையது அனுமதிப்பத்திரக் காணி, 1935 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்டது. நாங்கள் ‘பெர்மிட் காணி’ என்போம். பத்திரம் எரிந்தோ தொலைந்தோ போயிருந்தால் பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவில் விசாரிக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் பெரும்பாலும் உறுதிக் காணி. உறுதி தொலைந்தால் காணிப் பதிவகத்தில் பிரதி எடுக்கலாம்.

பத்திரம் அளவைச் சொல்லும். அந்த அளவு நிலத்தில் எங்கே விழுகிறது என்பதை வேறு அடையாளங்களால்தான் கண்டுபிடிக்க வேண்டும். மூலைகளில் எல்லைக்கல் இருக்கிறதா என்று பாருங்கள். மண் மூடியிருக்கலாம். பழைய கதியால்களின் அடிக்கட்டை ஒரே கோட்டில் நிற்கிறதா என்று பாருங்கள். பூவரசும் கிளுவையும் மேலே எரிந்துபோனாலும் மழை விழுந்தால் அடியிலிருந்து துளிர்க்கும். அயலில் வயதானவர்கள் யாராவது திரும்பியிருந்தால் கூட்டி வந்து காட்டுங்கள். சந்தேகம் இருந்தால் அனுமதி பெற்ற நில அளவையாளர் ஒருவரைக் கொண்டு அளப்பது செலவுதான், ஆனாலும் வழக்கைவிட மலிவு.

பக்கத்துக் காணிக்காரர் இல்லாத நேரத்தில் வேலி போடுகிறோம் என்றால் இன்னும் கவனம் வேண்டும். தனியார் காணியொன்றை உரிமையாளருக்கு எதிராக 10 ஆண்டுகள் தடையில்லாமல் ஆண்டவர் அதற்கு உரிமை கோர 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. அரச காணிக்கு அது பொருந்தாது. போரால் துரத்தப்பட்டவர்கள் இந்த விதியால் காணியை இழக்கக்கூடாது என்பதற்காக 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்க விசேட ஏற்பாடுகள் சட்டம் கொண்டுவரப்பட்டது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை மனதில் வைத்து எழுதப்பட்ட சட்டம் அது. உங்கள் காணிக்கு அது பொருந்துமா என்பதை ஒரு சட்டத்தரணியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இங்கே நான் சொல்ல வருவது ஒன்றுதான்: நாங்கள் நடுகிற கதியாலை நாளைக்கு நீதிமன்றமும் பார்க்கும்.

ஒழுங்கைப் பக்க எல்லைக்கல்லை நான் கண்டுபிடித்தேன். பின்மூலைக் கல்லைக் காணவில்லை. தென்னை வரிசையை வைத்து ஒரு குத்துமதிப்பில் கயிறு பிடித்தேன். அதனால் என்ன நடந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

தோண்ட முன்னர்

கனடாவில், ஸ்காபரோவில் இருக்கும் என் தம்பி அவன் வீட்டுப் பின்வளவுக்கு பிளாஸ்ரிக் வேலி போட்டதைத் தொலைபேசியில் சொன்னான். வினைல் என்று சொல்லும் வெள்ளைப் பலகைகள். அங்கே கிடங்கு தோண்ட முன்னர் ஓர் இலக்கத்துக்கு அழைத்துச் சொல்ல வேண்டுமாம். காசு வாங்காமல் ஆள் வந்து, நிலத்துக்குக் கீழே எரிவாயுக் குழாய் எங்கே போகிறது, மின்கம்பி எங்கே போகிறது என்று நிறமடித்துக் குறித்துவிட்டுப் போவார்களாம். அதற்குப் பிறகுதான் தோண்டலாம்.

எங்கள் நிலத்துக்குக் கீழே இருப்பது வேறு. மிதிவெடி அகற்றிக் கையளித்த காணி என்றாலும் வேலிக் கோட்டில் தோண்டும்போது கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். வேலியோரங்களில்தான் பதுங்கு குழிகளும் மண் அணைகளும் இருந்தன. வெடிக்காமல் கிடக்கும் எறிகணைகள் பல வருடங்கள் கழித்தும் மேலே வருகின்றன.

பற்றையைக் கத்தியால் வெட்டித் துப்புரவாக்குங்கள். நெருப்பு வைக்க வேண்டாம். மண்ணுக்குள் எது கிடக்கிறது என்று தெரியாத இடத்தில் தீ மூட்டுவது ஆபத்து. அலவாங்கை ஓங்கிக் குத்தாமல், முதலில் மண்வெட்டியால் மேல்மண்ணைச் சுரண்டி எடுங்கள். இரும்புச் சத்தம் கேட்டால் நிறுத்துங்கள். தெரியாத பொருள் எதையும் தொட வேண்டாம், புரட்ட வேண்டாம், கிணற்றுக்குள் போட வேண்டாம். வந்த அடியிலேயே பின்வாங்கி, தூரத்தில் தடியொன்றை நட்டுத் துணி கட்டி அடையாளம் வைத்துவிட்டு கிராம சேவகருக்கோ பொலிஸுக்கோ அறிவியுங்கள். மண்டையோட்டுச் சிவப்புப் பலகை நிற்கும் பக்கத்துக்கு வேலித்தடி வெட்டவும் போகக்கூடாது. பழைய இரும்பைச் சேர்த்து விற்கும் ஆசையில் கை இழந்த பிள்ளைகளை நாங்கள் எல்லோரும் அறிவோம்.

கதியால்

உயிர்வேலியின் முள்ளந்தண்டு கதியால். வெட்டி நட்டால் வேர்விடும் தடியைத்தான் கதியால் என்கிறோம். எங்கள் பக்கம் கிளுவை, பூவரசு, முள்முருக்கு, சீமைக்கிளுவை ஆகியவை நன்றாக வரும். கிளுவை வறட்சியைத் தாங்கும், முள்ளும் உண்டு. பூவரசு தடித்து மரமாகும், அதன் குழை தோட்டத்துக்கு நல்ல பசளை. முள்முருக்கு கெதியாக வளரும், ஆனால் தடி மென்மையானது, காற்றுக்கு முறியும். சீமைக்கிளுவை எல்லாவற்றிலும் விரைவாகத் தளிர்க்கும். ஆடு வைத்திருப்பவர்களுக்கு அது வேலி மட்டுமல்ல, தீனியும்தான். நான் கிளுவையையும் சீமைக்கிளுவையையும் மாறி மாறி நட்டேன்.

நடுகிற காலம் ஐப்பசி, கார்த்திகை. மாரி மழை மண்ணை நனைத்த பிறகு நட்டால் தண்ணீர் ஊற்றத் தேவையில்லை. அவசரப்பட்டுக் கோடையில் நட்டால் பாதி செத்துப்போகும்.

கைமணிக்கட்டுத் தடிப்புள்ள முற்றிய தடியாகப் பார்த்து 7 அடி நீளத்துக்கு வெட்டுங்கள். பச்சைத் தளிர்த்தடி அழுகிவிடும். அடிப்பக்கத்தைச் சரிவாகச் சீவி, நுனிவெட்டில் சாணி உருண்டை வைத்தால் காயாது. வெட்டிய தடியை ஓரிரு நாள் நிழலில் போட்டு வைத்துவிட்டு நடலாம். எது அடி, எது நுனி என்பது மாறிப்போகாமல் ஒரே பக்கமாக அடுக்கி வையுங்கள். தலைகீழாக நட்ட தடி வேர்விடாது.

கயிறு பிடித்து, அலவாங்கால் ஒன்றரை அடி ஆழத்துக்குக் குழி போட்டுவிட்டுத் தடியை இறக்குங்கள். தடியையே மண்ணுக்குள் அடித்து இறக்கினால் பட்டை உரிந்துவிடும், அந்த இடத்தில் வேர் வராது. சுற்றி மண் போட்டுக் காலால் நன்றாக மிதியுங்கள். தடிக்குத் தடி ஒரு முழம், அதாவது ஒன்றரை அடி. 150 அடி நீளத்துக்கு ஏறக்குறைய 100 கதியால் வேண்டும். பத்தடிக்கு ஒன்று பனங்குற்றியோ சீமெந்துத் தூணோ நட்டால் சோளகக் காற்றுக்கும் வாடைக்கும் வேலி சாயாது. குற்றிக்காகப் பனையைத் தறிக்க அனுமதி வேண்டும், காட்டில் தடி வெட்டினால் வழக்கு வரும் என்பதையும் மறந்துவிடாதீர்கள். வேலியில் நிற்கிற அயலவரிடம் கேட்டால் கதியால் சும்மாவே கிடைக்கும். வருடா வருடம் வெட்டி விட்டால்தான் அவர்களுடைய மரமும் அடர்த்தியாகும்.

கிடுகுக் கணக்கு

முழு வளவையும் கிடுகால் மறைக்கத் தேவையில்லை. கிணற்றடி, கக்கூசு, வீட்டு முற்றம் ஆகியவற்றை மறைத்தால் போதும். மிச்சத்துக்குக் கதியாலும் முட்கம்பியும், அல்லது முள்ளுக் கொப்புகளை அடுக்கிக் கட்டும் அலம்பலும் போதும். எனக்கு மறைக்க வேண்டியிருந்தது 50 அடி.

நாங்கள் பின்னுகிற கிடுகு ஏறக்குறைய 6 அடி நீளம், ஒன்றரை அடி அகலம். படுக்கையாக வைத்து, பக்கத்துக்கு ஓரடியும் மேலுக்கு அரை அடியும் மேவிக் கட்டினால் ஒரு கிடுகு மறைப்பது 5 அடிக்கு 1 அடி. 50 அடிக்கு ஒரு வரிசையில் 10 கிடுகு. ஆறு வரிசை வைத்தால் ஆறரை அடி உயரம் வரும். ஒழுங்கையில் நடந்து போகிறவருக்குத் தெரியாது. ஆக 60 கிடுகு. உடைவதற்கும் ஓட்டை அடைப்பதற்கும் 6 சேர்த்து 66 என்று வைத்துக்கொள்ளுங்கள். கிடுகின் அளவு ஊருக்கு ஊர் மாறும், வாங்க முன்னர் ஒன்றை அளந்து பார்த்துக் கணக்குப் போடுங்கள்.

நீங்களே பின்னுவதானால் தென்னோலையின் நடுமட்டையை நெடுக்காக இரண்டாகப் பிளந்து, சில நாட்கள் தண்ணீரில் ஊறப்போடுங்கள். ஊறாத ஓலை பின்னும்போது முறியும், கையையும் கிழிக்கும். ஊறியதை எடுத்து நிழலில் இருந்து பின்னி, வெயிலில் உலர்த்தி, தட்டையாக அடுக்கி மேலே பாரம் வையுங்கள். அம்மாவுக்கு வலது தோளில் செல் துண்டு இருக்கிறது. கையைத் தூக்க முடியாது. ஆனால் நிலத்தில் இருந்து பின்னுவதற்குக் கையைத் தூக்கத் தேவையில்லை. 66 கிடுகையும் பின்னியது அவதான்.

பனையோலை கிடைக்கும் இடங்களில் அதையே வைக்கலாம். பச்சையாக வெட்டி, விரித்து மிதித்து, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிப் பாரம் வைத்துத் தட்டையாக்கி, நிமிர்த்தி வைத்துக் கட்டுவார்கள். கிடுகைவிடக் கூடக் காலம் நிற்கும்.

அடைப்பு

மழை முடிந்து மாசி, பங்குனியில் அடைக்கலாம். அதற்குள் கதியால் வேர்பிடித்திருக்கும். புதுக் கதியாலில் உடனே கிடுகைக் கட்டினால் காற்று ஆட்டி ஆட்டி வேரை அறுத்துவிடும். இடையில் மறைப்பு வேண்டுமென்றால் தனியாக நாலு தடி நட்டுத் தறப்பாளைக் கட்டுங்கள். எங்கள் கிணற்றடியில் அந்த மாரி முழுக்க நின்றது தறப்பாள்தான்.

வேலை இந்த ஒழுங்கில் போகும். முதலில் உட்பக்கத்தில், கதியால்களுக்குக் குறுக்காக மூன்று வரிச்சுக் கட்டுங்கள். வரிச்சு என்பது பிளந்த பனைமட்டை அல்லது நேரான மெல்லிய தடி. நிலத்திலிருந்து 1 அடி, 3 அடி, 5 அடி உயரங்களில் வரட்டும். பிறகு வெளிப்பக்கமாகக் கிடுகை அடியிலிருந்து மேலே வையுங்கள். கூரை வேய்வது போலத்தான், மேல்வரிசை கீழ்வரிசைக்கு வெளியே மேவி விழ வேண்டும். மாறி வைத்தால் மழைத்தண்ணீர் உள்ளே இறங்கி ஓலை உக்கிப்போகும். ஒவ்வொரு கிடுகையும் இரண்டு இடத்தில் நாரால் கதியாலோடு தற்காலிகமாகக் கட்டிவிட்டு, ஆறு வரிசையும் ஏறியதும் வெளிப்பக்கத்தில், உள்வரிச்சுக்கு நேரே வெளிவரிச்சை வைத்து இரண்டையும் சேர்த்து இறுக்கிக் கட்டுங்கள்.

இந்தக் கடைசிக் கட்டுக்குத்தான் குத்தூசி வேண்டும். ஒன்றரை அடி நீளமான இரும்பு ஊசி, நுனியில் ஒரு கண். உள்ளே நிற்பவர் கயிற்றைக் கோத்து வரிச்சுக்கு மேலால் குத்துவார். வெளியே நிற்பவர் கயிற்றை எடுத்துக்கொள்வார். உள்ளே நிற்பவர் ஊசியை இழுத்து வரிச்சுக்குக் கீழால் மறுபடி குத்த, வெளியே நிற்பவர் கயிற்று நுனியைக் கண்ணில் கோத்து விடுவார். உள்ளே இழுத்து முடிச்சுப் போட வேண்டியதுதான். “குத்து”, “எடு”, “விடு” என்ற சத்தம் பங்குனி மாதத்தில் எங்கள் ஒழுங்கையில் ஒவ்வொரு வளவிலும் கேட்கும். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது, சத்தம் மட்டும்தான். எல்லை வேலி என்றால் வெளியே நிற்பவர் பெரும்பாலும் பக்கத்து வளவுக்காரராகவே இருப்பார். அவருடைய காணியில் நின்றுதானே கயிறு எடுக்க வேண்டும்.

2011 இல் எனக்கு அந்தப் பக்கம் ஆள் இல்லை. பக்கத்து வளவு பற்றை மூடிக் கிடந்தது. மகள் பள்ளிக்கூடம் போய்விடுவாள். ஆகவே நான் கண்டுபிடித்த வழி இது. தனியாக நிற்பவர்களுக்குப் பயன்படும்.

கட்டுக்கம்பியை ஒன்றரை அடித் துண்டுகளாக வெட்டி, கொண்டை ஊசி போல இரண்டாக மடித்துக்கொள்ளுங்கள். வெளிப்பக்கம் போய், வெளிவரிச்சு நடுவில் வரும்படி ஒவ்வொரு கம்பியையும் குத்தி விடுங்கள், ஒரு கால் வரிச்சுக்கு மேலால், மற்றக் கால் கீழால். ஒரு வரிச்சு நீளத்துக்கும் குத்திவிட்டு உள்ளே வந்து, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு கால்களையும் உள்வரிச்சைச் சுற்றிக் குறட்டால் முறுக்குங்கள். அவ்வளவுதான். முறுக்கிய நுனியைக் கீழே மடித்துவிடாவிட்டால் பிள்ளைகளின் கையைக் கீறும். 50 அடியை நான் தனியாக அடைத்து முடிக்க ஆறு காலைகள் பிடித்தன. இரண்டு பேர் நின்றால் ஒரு நாள் வேலை.

ஆறாம் நாள் பின்னேரம் மகள் பள்ளிக்கூடத்தால் வந்து, வெயில் இருக்கும்போதே தலையில் அள்ளி வார்த்துக் குளித்தாள். ஒரு மணித்தியாலம் கிணற்றடியை விட்டு வரவில்லை. அம்மா “தடிமன் பிடிக்கும், வாடி” என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தா.

பராமரிப்பு

கிடுகின் எதிரி கறையான். அடிவரிசை மண்ணில் முட்டாமல் இரண்டு அங்குலம் உயர்த்தி வைத்து, அந்த இடைவெளிக்குக் கல்லோ பனைமட்டையோ வையுங்கள். மண்புற்று ஏறுகிறதா என்று வாரம் ஒருமுறை தட்டி விடுங்கள். கழிவு எண்ணெய் பூசுகிறவர்கள் இருக்கிறார்கள். கிணற்றுக்குக் கிட்ட அதைச் செய்ய வேண்டாம், தண்ணீருக்குள் இறங்கும்.

ஒரு மாரியைக் கிடுகு தாங்கும். இரண்டாம் மாரிக்குப் பிறகு நம்ப முடியாது. மாற்றும்போது பழைய ஓலையை எரிக்காமல் தென்னைக்கோ தோட்டத்துக்கோ தாட்டுவிடுங்கள். கம்பித் துண்டுகளை முதலில் பொறுக்கி எடுங்கள், மண்ணுக்குள் கிடந்து காலில் ஏறும். மாடு வாயில் எடுத்தாலும் கேடு. நாரும் தும்புக்கயிறும் அந்த விதத்தில் நல்லவை, ஓலையோடு சேர்ந்து உக்கிவிடும்.

நாயும் கோழியும் பொட்டு வைக்கும். சின்னப் பொட்டை அன்றே அடையுங்கள். ஒழுங்கைப் பக்கம் ஒரு படலை, உள்ளே இருந்து கொளுவி போடக்கூடியதாக இருக்கட்டும். மழைத்தண்ணீர் ஓடும் பக்கத்தில் வேலியின் அடியில் ஒரு சாண் வழி விடுங்கள். அடைத்துவிட்டால் தண்ணீர் அயலுக்குத் திரும்பி, சண்டையும் வரும்.

தகரமா, மதிலா, பிளாஸ்ரிக்கா?

வசதி வந்ததும் பலர் தகரத்துக்கு மாறுகிறார்கள். வருடா வருடம் வேலை இல்லை என்பது உண்மை. ஆனால் தகரம் காற்றை விடாது. சோளகம் அடிக்கும்போது முழுப் பாரமும் தூணில்தான் விழும், ஆகவே தூணை இரண்டு அடிக்குக் குறையாமல் தாட்டு அடியில் சீமெந்து போட வேண்டும். வெயிலில் சுடும். கடற்கரைப் பக்கம் துருப்பிடிக்கும். பச்சை வலை மலிவு, ஆனால் இரவில் உள்ளே விளக்கெரிந்தால் ஆள் அசைவது வெளியே தெரியும். மதில் நிரந்தரம். எல்லை சரியென்று இரண்டு பக்கமும் ஒப்புக்கொள்ள முன்னர் கட்டினால் பிழையும் நிரந்தரமாகிவிடும்.

தம்பியின் பிளாஸ்ரிக் வேலிக்குத் தூண் நாலு அடி ஆழம். பனிக்காலத்தில் நிலம் உறைந்து தூணை மேலே தள்ளாமல் இருக்க அவ்வளவு ஆழம் வேண்டுமாம். தூணில் பள்ளம் வெட்டி வருகிறது, பலகையை அதற்குள் மேலால் இறக்கினால் சரி. கட்டும் இல்லை, முடிச்சும் இல்லை. பெயின்ற் அடிக்கத் தேவையில்லை, உக்காது. “தனிய நிண்டு இரண்டு சனி ஞாயிறில முடிச்சிட்டன் அக்கா” என்றான். பக்கத்து வீட்டில் யார் என்று கேட்டேன். யாரோ இத்தாலிக்காரர் என்று நினைக்கிறேன், கதைத்ததில்லை என்றான்.

எங்கள் வேலியைப் பற்றி நல்லது மட்டும் சொல்லிவிட முடியாது. யார் படலைக்குள் வரலாம், யார் வெளியே நின்று கூப்பிட வேண்டும் என்று சாதி பார்த்ததும் இதே கிடுகு வேலிதான். பெண்பிள்ளை வெளியே தெரியக்கூடாது என்று அடைத்து வைத்ததும் இதுதான். நான் அதை மறக்கவில்லை. ஆனால் மறைப்பே இல்லாத கிணற்றடியில் மகளைக் குளிக்கவைத்த ஒருத்திக்கு, தன் கையால் போட்ட மறைப்பு வேறு பொருள்.

பின்மூலைக் கல்

2013 ஆனியில் பக்கத்து வளவு அக்கா வவுனியாவிலிருந்து இரண்டு பொடியன்களோடு திரும்பி வந்தா. இரண்டு நாள் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் வேலியோரமாகப் பின்மூலை வரைக்கும் நடந்து போய்விட்டு வந்து, “தங்கச்சி, உன்ர வேலி பின்னால என்ர பக்கம் வந்திட்டுது” என்றா.

எனக்குக் கோபம் வந்தது. தனியாக நின்று அடைத்த வேலி. “அப்ப நீங்கள் இருந்திருந்தா காட்டியிருப்பியள்தானே” என்று சொல்லிவிட்டேன். சொல்லக்கூடாத வார்த்தை. அவ இருக்க விரும்பாமலா போனவ?

இங்கே ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும். பிழை எனக்கு முன்னரே தெரியும். 2011 மாரியில், என் வேலிக்கு உள்ளே நாலு அடி தள்ளி, நிலத்தோடு எரிந்துபோன பூவரசுக் கட்டைகள் துளிர்த்தன. ஒன்றல்ல, வரிசையாக நாலைந்து. பழைய வேலியின் கோடு அது. கண்டேன். அந்தப் பக்கம் யாரும் இல்லை, கேட்கவும் யாரும் இல்லை என்று விட்டுவிட்டேன். துளிர்க்கத் துளிர்க்க ஆட்டுக்கு வெட்டிப் போட்டேன். எங்கள் காணியைப் பறித்தவர்களைப் பற்றி எத்தனையோ கூட்டங்களில் பேசியிருக்கிறேன். என் வேலிக்குள் இருந்த நாலு அடியைப் பற்றி யாரிடமும் பேசவில்லை.

அன்றிரவு நித்திரை வரவில்லை. விடிந்ததும் அக்காவின் வளவுக்குப் போய்ப் பூவரசுக் கட்டைகளைப் பற்றிச் சொன்னேன். பிறகு இரண்டு பேரும் பத்திரங்களை எடுத்துக்கொண்டு கிராம சேவகரிடம் போனோம். பிரதேச செயலகத்தில் வரைபடம் பார்த்து, ஒழுங்கைக் கல்லிலிருந்து அளந்து வந்து பின்மூலையில் தோண்டினோம். ஓரடி ஆழத்தில் எல்லைக்கல் இருந்தது. ஒழுங்கைப் பக்கம் சரி, பின்னால் 4 அடி விலகல். 150 அடி நீளத்துக்கு அது 300 சதுர அடி. ஒரு கொட்டில் போடக் காணும்.

இப்படிப் பேசித் தீராவிட்டால் மத்தியஸ்த சபைக்குப் போகலாம். 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்தது. சட்டத்தரணி தேவையில்லை. எங்களுக்கு அது தேவைப்படவில்லை.

வேர்விட்ட கதியாலைப் பிடுங்கி நட முடியாது. ஐப்பசி மழை வரும் வரை காத்திருந்து, பிழையான கோட்டில் நின்ற மரங்களிலிருந்தே தடி வெட்டிச் சரியான கோட்டில் நட்டோம். எரிந்த பூவரசுக் கட்டைகளை இந்தமுறை வெட்டாமல் விட்டோம், அவையும் வேலிக்குள் சேர்ந்துகொண்டன. பழைய கதியால்களின் அடியைத் தோண்டி எடுக்க அக்காவின் மூத்த பொடியன் நாலு நாள் நின்றான்.

அடுத்த மாசியில் கிடுகு கட்டினோம். கட்டுக்கம்பியை எடுக்கப் போன என்னிடம் அக்கா கேட்டா, “குத்தூசி இல்லையே?” அம்மா வளையில் செருகி வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்தா. ஊரில் கொல்லர் ஒருவரிடம் செய்வித்து வாங்கி, நான் ஒருநாளும் பாவிக்காத ஊசி அது.

நான் உள்ளே நின்றேன். கயிற்றைக் கோத்து வரிச்சுக்கு மேலால் குத்தினேன். ஊசி கிடுகைத் துளைத்துக்கொண்டு போன இடத்தில் கொஞ்சநேரம் ஒன்றும் அசையவில்லை. பிறகு அந்தப் பக்கத்தில் கயிறு இழுபட்டது.

“எடுத்திட்டன்” என்றா அக்கா. “கீழால விடு.”